தாலமி: பெயரில் மட்டும் ராஜா

பிச்சாவரம் போயிருக்கீங்களா? சிதம்பரத்தில் பஸ் ஏறி, கிள்ளை தாண்டினால் படகுத்துறை. துடுப்புப் படகு எடுத்துக்கொண்டு சுரபுன்னை வேர்களுக்கு நடுவே அந்தக் குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் மொபைலைத் தூக்கி மேலேதான் படம் எடுப்பாங்க. அடுத்த முறை போனால் ஒரு நிமிஷம் கீழே பாருங்க. தண்ணி கொஞ்சம் தெளிவா இருக்கிற இடத்தில், துடுப்பு தண்ணிக்குள் இறங்கும் இடத்திலேயே ஒடிஞ்ச மாதிரி தெரியும். ஸ்கூலில் படிச்ச ஒளிவிலகல்தான், புதுசா ஒண்ணும் இல்லை.

நான் அதைப் பார்த்தது மூணாம் வருஷம் சர்வே கேம்ப் வந்தபோது. ஊர் சுற்ற வந்த நாள் இல்லை அது. கரையோரமா அஞ்சு ஸ்டேஷன் வச்சு ஒரு ட்ராவர்ஸ் எடுக்கணும். சிவில் படிக்கிறவங்களுக்குத் தெரியும்: அஞ்சு பக்கம் மூடினால் உள்கோணங்களின் கூட்டுத்தொகை 540 டிகிரி வரணும். எங்களுக்கு 540 டிகிரி 7 நிமிஷம் வந்துச்சு. தியோடலைட்டில் அது பெரிய பிழை. திரும்ப முதலிலிருந்து எடுக்கணும். மணி நாலரை, வெயில், பசி, பஸ் வேற காத்துக்கிட்டிருக்கு. நாங்க என்ன செஞ்சோம்னு உங்களுக்கே தெரியும். ஒரு கோணத்தில் 7 நிமிஷத்தைக் குறைச்சு எழுதினோம். அழகா 540. சார் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அதுக்குச் சில மாசம் கழிச்சு, வேற எதையோ தேடும்போது, 1800 வருஷத்துக்கும் முன்னாடி இதே வேலையைச் செஞ்ச ஒருத்தரைப் பற்றிப் படிச்சேன். அவரும் தண்ணிக்குள் கோணம் அளந்தவர். அவரும் இந்தக் காவிரிக் கரைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எழுதியவர். பெயர் தாலமி. இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்து பி, ஆனால் வாயில் வராது. ஒரு செமஸ்டர் முழுக்க நான் அதைப் பிடோலமின்னுதான் படிச்சுக்கிட்டிருந்தேன்.

கிரேக்கத்தில் அந்த பி-யைச் சொல்லத்தான் செய்வாங்க. முழுப் பெயர் ப்டோலமாயோஸ். போலெமோஸ் என்றால் போர். அதோட பழைய வடிவம் ப்டோலெமோஸ், ஹோமர் காலத்து உச்சரிப்பு. அதிலிருந்து வந்த பெயருக்குப் போர்க்குணம் உள்ளவன் என்று பொருள். இலியட் காவியத்திலேயே இந்தப் பெயர் வருது, ஆனால் பெரிய வீரனுக்கு இல்லை. அகமெம்னோனுக்குத் தேர் ஓட்டுபவனுடைய அப்பா பெயர் அது. அவ்வளவுதான்.

பெயருக்கு மவுசு வந்தது அலெக்சாந்தரின் தளபதி ஒருவரால். அலெக்சாந்தரோடு பஞ்சாப் வரைக்கும் வந்து திரும்பினவர் அவர். கி.மு. 323-ல் அலெக்சாந்தர் இறந்ததும் எகிப்து இவர் கைக்குப் போச்சு. அவருக்குப் பிறகு அந்த வம்சத்தில் வந்த ராஜா எல்லாருக்கும் அதே பெயர்தான், முதலாம் தாலமி, இரண்டாம் தாலமி என்று பதினைந்து வரைக்கும் எண்ணலாம். கிளியோபாட்ராவின் தம்பிகளுக்கும் மகனுக்கும்கூட அதே பெயர். கி.மு. 30-ல் ரோம் வந்து எல்லாத்தையும் முடிச்சு வச்சது.

இந்தப் பெயர் இந்தியக் கல்லிலும் இருக்கு என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அசோகரின் பதின்மூன்றாம் பெரும் பாறைக் கல்வெட்டில், தர்மம் போய்ச் சேர்ந்த இடங்களின் பட்டியலில் யவன ராஜாக்கள் சிலர் வருவாங்க. அதில் ஒருவர் இரண்டாம் தாலமி. உத்தரகாண்டில் உள்ள கால்சி பாறையில் துலமய என்று பிராமியில் வெட்டியிருக்காங்க. அதே பட்டியலில் தெற்கே சோழர், பாண்டியர், தாமிரபரணி வரைக்கும் வருது. அதாவது நம்ம சோழனும் அலெக்சாந்திரியாவின் தாலமியும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்காங்க.

அரபு மொழியில் ப இல்லாததால் அங்கே போய் பத்லமியூஸ் ஆச்சு. இயேசுவின் சீடர் பர்த்தலோமேயு பெயரில், பர் என்றால் அரமேய மொழியில் மகன். மீதி இருக்கும் தல்மாய் என்பதே தாலமிதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அது சரியென்றால் பிச்சாவரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டிப் போனால் வரும் தரங்கம்பாடியில் 1706-ல் கப்பலில் வந்து இறங்கினவரும் ஒரு வகையில் தாலமி மகன்தான். பர்த்தலோமேயு சீகன்பால்கு. இன்றைக்கு கிரீஸிலேயே யாரும் பிள்ளைக்கு இந்தப் பெயரை அதிகம் வைப்பதில்லை.

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். கிளாடியஸ் தாலமி. சுமார் கி.பி. 100-ல் பிறந்து 170 வாக்கில் இறந்தவர். அந்த ராஜ வம்சம் ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பிறந்தவர். நம்ம கடலூர், தஞ்சாவூர் பக்கம் ராஜராஜன், ராஜேந்திரன்னு பெயர் உள்ள எல்லாருமே சோழ ராஜாவா என்ன? அந்த மாதிரிதான் எகிப்தில் தாலமி. ஆனால் பின்னால் வந்த ஐரோப்பிய ஓவியர்கள் குழம்பிப்போய் இவர் தலையில் கிரீடம் வச்சு வரைஞ்சிட்டாங்க. கையில் வானம் பார்க்கும் கருவி, தலையில் மணிமுடி.

பெயரில் முன்னால் உள்ள கிளாடியஸ் ரோமானியப் பெயர். அவர் குடும்பத்துக்கு ரோமக் குடியுரிமை இருந்தது என்பதற்கு அடையாளம் அது. ஆக ரோமன் முன்பெயர், கிரேக்கப் பெயர், எகிப்தில் வாசம். இவர் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகத் தெரிவதில் பாதி இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே கிடைத்துவிடும். அப்பா அம்மா யார், கல்யாணம் ஆச்சா, எப்படிச் செத்தார், எதுவும் எங்கேயும் எழுதப்படலை. தேதியோடு இருப்பது அவர் எடுத்த ரீடிங் மட்டும்தான். முதல் ரீடிங் கி.பி. 127 மார்ச், கடைசி 141 பிப்ரவரி. நம்ம வாழ்க்கையில் மிச்சம் இருக்கப்போவது லேப் ரெக்கார்டு மட்டும்தான் என்றால் எப்படி இருக்கும்? இவருக்கு அப்படித்தான் ஆச்சு.

இருந்த ஊர் அலெக்சாந்திரியா. நூலகமும் துறைமுகமும் உள்ள ஊர். இந்தியாவிலிருந்து மிளகும் துணியும் செங்கடல் வழியா வந்து, அங்கிருந்துதான் ரோமுக்குப் போகும். சீருஸ் என்று ஒருவருக்குத் தன் புத்தகங்களைச் சமர்ப்பணம் செஞ்சிருக்கார். நண்பரா, புரவலரா என்று தெரியாது. எழுதினது மட்டும் மலை மாதிரி. வானியலுக்குப் பதிமூன்று புத்தகம், நிலவியலுக்கு எட்டு, ஜோதிடத்துக்கு நாலு, அது போக இசை, ஒளியியல். வட்டத்துக்குள் வரைந்த நாற்கரத்தின் மூலைவிட்டங்களைப் பெருக்கினால் எதிர்ப்பக்கப் பெருக்கல்களின் கூட்டுத்தொகை வரும்னு ப்ளஸ் டூவில் கணக்குப் போட்டிருப்பீங்க, அந்தத் தேற்றம் இவர் பெயரில்தான் இருக்கு. அதை வைத்துதான் அரை டிகிரிக்கு ஒன்றாக நாண் நீள அட்டவணை போட்டார். சைன் டேபிளுக்கு அது தாத்தா.

வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அதில் ஹோரை கட்டத்தைப் பாருங்க. ஞாயிறு காலையில் சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று போகும். சனியிலிருந்து தொடங்கிப் படித்தால் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். பூமியை நடுவில் வைத்து, தூரத்திலிருந்து கிட்டே வரும் வரிசை அது. தாலமி தன் புத்தகத்தில் எடுத்துக்கொண்ட வரிசையும் இதேதான். ஹோரை என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது. பூமிதான் நடுவில்னு சொன்னவர் தப்பா சொல்லிட்டார்னு ஸ்கூலில் ஒரே வரியில் முடிச்சிட்டாங்க. அந்தத் தப்பான மாடலை வைத்துத்தான் 1543-ல் கோப்பர்நிக்கஸ் வரும் வரைக்கும், சுமார் 1400 வருஷம், கிரகம் எங்கே இருக்கும்னு கணக்குப் போட்டாங்க என்பதையும் சொல்லியிருக்கலாம்.

நான் சொல்ல வந்தது தண்ணிக் கதை.

ஒளியியல் புத்தகத்தின் கிரேக்க மூலம் காணாமல் போச்சு. அரபுக்குப் போய், அங்கிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலியில் லத்தீனுக்கு வந்த பிரதி மட்டும் இருக்கு, அதிலும் முதல் பாகம் இல்லை. அதில் ஒரு சோதனை. வெண்கலத்தில் ஒரு வட்டத் தகடு, விளிம்பில் டிகிரி கோடுகள். அதைச் செங்குத்தா நிறுத்திப் பாதி வரைக்கும் தண்ணியில் முக்கணும். தண்ணிக்கு மேல் ஒரு குறி, நடுவில் ஒரு குறி. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தண்ணிக்குள் மூணாவது குறியை நகர்த்தி, மூணும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நிறுத்தணும். படுகோணம், விலகுகோணம் ரெண்டும் கிடைச்சிடும். கோட்பாட்டோடு நிறுத்தாமல், கருவி செய்து அளந்து டேபிள் போடுவது அந்தக் காலத்தில் ரொம்ப அபூர்வம். எனக்கு இவரைப் பிடிச்சுப்போனது இங்கேதான்.

அந்த டேபிளைப் பாருங்க. காற்றில் 10 டிகிரி என்றால் தண்ணியில் 8. அடுத்து 20-க்கு 15½, 30-க்கு 22½, 40-க்கு 29, 50-க்கு 35, 60-க்கு 40½, 70-க்கு 45½, 80-க்கு 50. இப்போ கால்குலேட்டரை எடுத்து ஸ்னெல் விதியைப் போடுங்க, தண்ணிக்கு 1.333. 50 டிகிரிக்கு 35.1 வரும், 60-க்கு 40.5 வரும். வெண்கலத் தகடும் ஒற்றைக் கண்ணும் வைத்து இவ்வளவு துல்லியமா என்று நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் 80-க்கு வர வேண்டியது 47.6. அவர் எழுதியிருப்பது 50. அங்கே ரெண்டு டிகிரிக்கு மேல் போயிடுச்சு.

ஏன் என்று தெரியணும்னா அடுத்தடுத்த எண்களைக் கழிச்சுப் பாருங்க. 8, 7½, 7, 6½, 6, 5½, 5, 4½.

பார்த்தீங்களா? ஒவ்வொரு முறையும் சரியா அரை டிகிரி குறையுது. எட்டு ரீடிங், ஒன்றில்கூட இப்படி அப்படி இல்லை. லேப் பண்ணின யாருக்கும் இது புரியும். உண்மையான ரீடிங் இப்படி வராது. நடுவில் சிலதை அவர் நிஜமாவே அளந்திருக்கார். மற்றதை, வித்தியாசம் சீராகக் குறையணும் என்று தான் நம்பிய ஒரு விதிக்கு ஏற்ற மாதிரி சரிபண்ணி எழுதியிருக்கார். விதி தப்பு. ரீடிங்கை அப்படியே விட்டிருந்தால் விதி தப்புன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும். 80 டிகிரிக்கிட்ட அந்த அரை டிகிரி ஒழுங்கு உடைஞ்சிருக்கும். சரியான விதி கிடைக்க உலகம் பல நூற்றாண்டு காத்திருந்தது.

இது ஒரு இடத்தில் மட்டும் என்றால் விட்டுடலாம். வானியல் புத்தகத்திலும் அதே கதை. இவருக்குச் சுமார் 280 வருஷத்துக்கு முன்னால் ரோட்ஸ் தீவில் ஹிப்பார்க்கஸ் என்பவர் ஒரு வருஷத்தின் நீளத்தை 365 நாள் 5 மணி 55 நிமிஷம் என்று கணக்கிட்டிருந்தார். உண்மையில் ஆறு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் குறையணும். கி.பி. 132 செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நேரத்தைத் தானே கவனமா அளந்ததாகத் தாலமி எழுதுகிறார். அவர் தந்த நேரம் உண்மையான நேரத்தைவிட ஒரு நாளுக்கும் மேல் பிந்தியது. அந்த ஆறு சொச்சம் நிமிஷத்தை 278 வருஷத்தால் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 30 மணி நேரம் வரும். அதாவது வானத்தைப் பார்த்து வந்த ரீடிங் மாதிரி தெரியலை. ஹிப்பார்க்கஸின் தேதியில் அவர் சொன்ன வருஷ நீளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் கிடைக்கும் விடை.

நட்சத்திரப் பட்டியலும் அப்படியே. ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரம், 48 மண்டலம். அத்தனை தீர்க்கரேகையும் சராசரியா ஒரு டிகிரி குறைவு. ஹிப்பார்க்கஸின் எண்களோடு 2 டிகிரி 40 நிமிஷத்தைக் கூட்டி எழுதிட்டார் என்ற சந்தேகம் ரொம்ப நாளாவே உண்டு. 1977-ல் அமெரிக்காவில் ராபர்ட் நியூட்டன் என்ற இயற்பியலாளர் (ஆப்பிள் நியூட்டன் இல்லை, இவர் வேற) தாலமியின் குற்றம் என்ற பொருளில் தலைப்பு வச்சு ஒரு புத்தகமே போட்டார். அறிவியல் வரலாற்றிலேயே பெரிய மோசடிக்காரர் என்பது அவர் கட்சி.

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோணுது. 2022-ல் வேறொரு சாட்சி கிடைச்சது. சினாய் மலை மடத்தில் இருந்த ஒரு பழைய தோல் ஏட்டில், சுரண்டி அழிச்சு மேலே வேறு எழுதியிருந்த எழுத்தைப் பல அலைநீளங்களில் படம் எடுத்துப் பார்த்தபோது, அடியில் ஹிப்பார்க்கஸின் நட்சத்திர எண்கள் சில தெரிஞ்சது. அதையும் தாலமியின் பட்டியலையும் ஒப்பிட்டால் அப்படியே காப்பி என்று சொல்ல முடியலை. எண்கள் பொருந்தலை. பல இடத்திலிருந்து எடுத்திருக்கார், தானும் அளந்திருக்கார், எது தன்னுடையது எது மற்றவருடையது என்று பிரிச்சுக் காட்டலை. திருட்டு என்று சொல்லும் அளவு இல்லைதான். ஆனால் சுத்தமும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் இவர் கணக்கில் வரவு வைக்கணும். கி.பி. 147 வாக்கில் கனோபஸ் என்ற ஊரில், தன் வானியல் எண்களைக் கல்லில் வெட்டி நிறுத்தினார். அதன் பிறகு வந்த பெரிய புத்தகத்தில் அந்த எண்களில் சில மாறியிருக்கு. ஊர் பார்க்கக் கல்லில் வெட்டினதையே தப்பு என்று தெரிஞ்சதும் மாற்றி எழுதியிருக்கார். எனக்கெல்லாம் பேனாவில் எழுதின ஃபீல்டு புக்கைத் திருத்தவே மனசு வரலை.

கடைசியாக நம்ம ஊர். நிலவியல் புத்தகத்தில் உலகத்தின் சுமார் 8000 இடங்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்திருக்கார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. மாலுமிகள், வியாபாரிகள், டயர் நகரத்து மரீனஸ் எழுதிய பழைய நூல், இவைதான் ஆதாரம். ஆனாலும் அதில் பாண்டியனின் மொதூரா இருக்கு. சேரனின் கரூரா இருக்கு. காபெரோஸ் என்று காவிரி இருக்கு, காபெரிஸ் என்று அதன் துறைமுகம் இருக்கு. பொதுகே என்று ஒரு துறைமுகம், அது புதுச்சேரி பக்கம் அரிக்கமேடு என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. காவிரிக்கும் அரிக்கமேட்டுக்கும் நடுவில்தான் பிச்சாவரம்.

நம்ம போனில் பிச்சாவரம் 11.4 வடக்கு, 79.8 கிழக்கு என்று காட்டும். காவிரி முகத்துவாரம் அதற்குக் கொஞ்சம் தெற்கே. தாலமி அதற்குக் கொடுத்தது அட்சரேகை 15 சொச்சம், தீர்க்கரேகை 129. அவருடைய பூஜ்யம் கிரீன்விச் இல்லை, மேற்கே கேனரித் தீவுகள். அதுக்காக 18 டிகிரியைக் கழிச்சாலும் 111 வருது. முப்பது டிகிரிக்கு மேல் தள்ளி, வியட்நாம் பக்கத்துக் கடலில் போய் விழுது காவிரி. இந்தியாவின் முக்கோணம் நசுங்கிப் போச்சு, இலங்கை பூதமா வீங்கிடுச்சு.

தீர்க்கரேகை இப்படித் தள்ளிப்போனதுக்கு முக்கியக் காரணம் ஒரு இன்புட். எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவு 2,52,000 ஸ்டேடியா என்று கணக்கிட்டிருந்தார். தாலமி அதை விட்டுட்டு 1,80,000-ஐ எடுத்துக்கொண்டார். ஒரு டிகிரிக்கு 700 ஸ்டேடியாவுக்குப் பதில் 500. கப்பல்காரன் சொன்ன தூரம் அதேதான், ஆனால் டிகிரி சின்னதானதால் எண்ணிக்கை கூடிப்போச்சு. பூமி சின்னது, ஆசியா நீளம். அந்த உலகத்தை நம்பி மேற்கே போனால் சீக்கிரம் இந்தியா வந்துடும் என்று கிளம்பினவர்களில் கொலம்பஸும் ஒருவர்.

ஆனால் தப்பு எங்கே என்று இன்றைக்கு ஒரு ஸ்டூடன்ட் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியுதே, அது எப்படி? அவர் படமாக மட்டும் கொடுக்காமல் எண்ணாகக் கொடுத்ததால். அவர் கையால் வரைந்த படம் ஒன்றுகூட மிஞ்சலை. 1295 வாக்கில் கான்ஸ்டான்டினோபிளில் ப்ளனுடேஸ் என்ற துறவி கைப்பிரதியைக் கண்டுபிடிச்சப்போ, அந்த எண்களை வைத்தே மேப்பைத் திரும்ப வரைய முடிஞ்சது. எப்படி வரையணும், வளைந்த பூமியைத் தட்டையான தாளில் எப்படிக் கொண்டுவரணும் என்பதும் புத்தகத்திலேயே இருந்தது. எந்த இன்புட் தப்போ அதை மட்டும் மாற்றினால் போதும், மீதி வேலை செய்யும். ஒளிவிலகல் டேபிளும் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. எட்டு எண்ணையும் எழுதி வச்சிருந்ததால்தானே நம்மால் கழிச்சுப் பார்க்க முடிஞ்சது? இதைச் சொல்லி அவரைக் காப்பாற்றப் பார்க்கலை. 80 டிகிரிக்கு அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது 47-ஓ 48-ஓ, அது போச்சு. யாருக்கும் இனிமேல் கிடைக்காது.

எங்க ஃபீல்டு புக் டிபார்ட்மென்ட் அலமாரியில் இருக்கு, ஜூனியர்ஸ் மாடலுக்கு எடுத்துப் பார்க்கிறதா கேள்விப்பட்டேன். அதில் சி ஸ்டேஷனில் 112 டிகிரி 14 நிமிஷம் என்று இருக்கும். அன்னைக்கு நான் தியோடலைட்டில் படிச்சது 112 டிகிரி 21 நிமிஷம்.